எட்டாத வகுப்பறை – 9: புத்தகமும் புழு மாத்திரையும்

சென்ற வாரம், மலாவி 1994இலும் உகாண்டா 1997இலும் கென்யா 2003இலும் தொடக்கக் கல்விக்கான கட்டணத்தை நீக்கிய கதையைப் பார்த்தோம். கட்டணம் போனதும் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. அரசு செய்த அந்தப் பெரிய காரியத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஆப்பிரிக்கக் கிராமங்களில் பள்ளி கட்டுகின்றன, புத்தகம் கொடுக்கின்றன, கிணறு வெட்டுகின்றன. அந்தக் கொடையில் எது குழந்தையிடம் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதுதான் இந்த வாரம்.

கென்யாவின் மேற்கு ஓரத்தில், உகாண்டா எல்லையை ஒட்டி இருக்கிறது புசியா. தெற்கே விக்டோரியா ஏரி. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் துண்டு நிலங்கள், ஏரியில் மீன்பிடிப்பு, எல்லைச் சந்தையில் சில்லறை வியாபாரம் என்று ஓடும் வாழ்க்கை. 1990களின் நடுவில் இந்தப் பகுதிப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கிடையாது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவதுதான் பாடம். அப்படி ஒரு வகுப்பறையைப் பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த ‘இன்டர்நேஷனல் சைல்டு சப்போர்ட்’ என்ற தொண்டு நிறுவனத்துக்கும் அதுவே தோன்றியது.

அங்கேதான் மைக்கேல் கிரெமர் வருகிறார். ஹார்வர்டில் பட்டம் பெற்ற கையோடு, 1980களின் நடுவில் மேற்கு கென்யாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு ஆசிரியராக இருந்தவர் அவர். பிறகு பொருளாதாரப் பேராசிரியராகி, பழகிய ஊரைப் பார்க்கத் திரும்பி வந்தார். அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த நண்பரிடம் அவர் சொன்ன யோசனை எளிமையானது. எப்படியும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே ஆண்டில் உதவப் பணம் போதாது. முதலில் உதவி பெறும் பள்ளிகளை யாருடைய சிபாரிசும் இல்லாமல் பொதுவான முறையில் தேர்ந்தெடுங்கள். ஓராண்டு கழித்து, உதவி பெற்ற பள்ளிகளையும் இன்னும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுத்தது பலித்ததா என்று தெரிந்துவிடும்.

புதிய மருந்தைச் சோதிக்க மருத்துவர்கள் வெகுகாலமாகக் கையாளும் முறைதான் இது. ஆனால் ஏழைகளுக்குச் செய்யும் உதவியை அப்படிச் சோதித்துப் பார்ப்பது அன்று அபூர்வமாகவே இருந்தது. உதவி என்றால் நல்லதுதானே, அதில் சோதிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் அவ்வளவு உறுதியாக இருந்தது.

100 பள்ளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. முதல் சுற்றில், 1996இல், 25 பள்ளிகளுக்குப் புத்தகங்கள் போயின. பிறகு தேர்வு வைத்துப் பார்த்தார்கள். புத்தகம் பெற்ற பள்ளிகளின் சராசரி மதிப்பெண், பெறாத பள்ளிகளைவிட உயரவில்லை.

இந்த முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. விவரங்களைத் துருவிப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகம் பயன்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது எட்டவே இல்லை. காரணம், புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. புசியாவில் ஒரு பிள்ளை வீட்டில் பேசுவது லூயா, டேசோ, லுவோ போன்ற தாய்மொழி. அடுத்து சுவாஹிலி. ஆங்கிலம் மூன்றாவதாக வருகிறது. நான்காம் வகுப்பிலிருந்து பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிலைக்குப் பாதிப் பிள்ளைகள்கூட வந்திருப்பதில்லை. நைரோபியின் வசதியான வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தும் பாடத்திட்டம், முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் மீனவர் வீட்டுக் குழந்தைமேல் ஏற்றப்பட்டிருந்தது. புத்தகம் அந்தப் பிழையை இன்னும் ஒரு படி உறுதிசெய்ததே தவிர, சரிசெய்யவில்லை.

அடுத்து, பெரிய படங்களும் விளக்கங்களும் கொண்ட தொங்கும் அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் படம் புரியுமே! 178 பள்ளிகளில் பாதிக்கு அவை போயின. அதிலும் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.

இந்த இரண்டு தோல்விகளையும் அவர்கள் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதற்காக அந்த நிறுவனத்தையும் ஆய்வாளர்களையும் மனதாரப் பாராட்ட வேண்டும். நன்கொடையாளருக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் ‘இத்தனை ஆயிரம் புத்தகங்கள் வழங்கினோம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதியதும் பொய்யாக இருந்திருக்காது. பிள்ளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார்கள்.

(பாடத்தின் தரம் பிள்ளையின் நிலைக்கு மேலே போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு விடை நம் மும்பையின் குடிசைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்காவின் ஜாம்பியா வரை போயிருக்கிறது. ‘பிரதம்’ அமைப்பின் அந்தக் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. அடுத்த வாரம் பார்ப்போம்.)

புத்தகம் கைகொடுக்காத அதே புசியாவில், கல்வி என்று யாரும் நினைக்காத ஒன்று கைகொடுத்தது. 1998இல் அதே தொண்டு நிறுவனம், மாவட்டத்தின் தென்பகுதியில் 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. 30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு, இவற்றோடு ஏரி நீரில் வாழும் நத்தைகள் வழியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும் ஷிஸ்டோசோமியாசிஸ் புழு. சோதித்துப் பார்த்ததில் பத்தில் ஒன்பதுக்கும் அதிகமான பிள்ளைகள் உடம்பில் இவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஏரிக்கரையில் விளையாடி, ஏரியில் குளித்து, செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகள். இரத்தச் சோகை, வயிற்றுவலி, எந்நேரமும் ஓர் அயர்ச்சி. ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதால் அது நோய் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள், குழுவுக்கு 25. முதல் குழுவுக்கு 1998இல், இரண்டாவதுக்கு 1999இல், மூன்றாவதுக்கு 2001இல் மாத்திரை. அல்பெண்டசோல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஏரியின் புழு அதிகம் இருந்த பள்ளிகளில் பிராசிகுவாண்டல் ஆண்டுக்கு ஒருமுறை. பலன் வருகைப் பதிவேட்டில் தெரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளிடமும் புழு குறைந்தது. ஒருவர் உடம்பில் புழு போனால் மண்ணில் அதன் முட்டைகள் குறைகின்றன, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் தொற்று குறைகிறது.

ஆனால் மதிப்பெண் இதிலும் உயரவில்லை. பிள்ளை வகுப்புக்கு வந்தது. வகுப்பு அதே வகுப்பாகத்தான் இருந்தது. இதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி 2001இல் நடந்தது. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, மக்களும் ஒரு பங்கு போட்டால்தான் திட்டம் தன் காலில் நிற்கும் என்பது உதவி உலகில் அப்போதும் இப்போதும் ஓங்கி ஒலிக்கும் வாதம். அதன்படி, மாத்திரை பெற்றுவந்த 50 பள்ளிகளில் 25இல் குடும்பத்துக்கு ஒரு சிறு கட்டணம் வைத்தார்கள். குழந்தை ஒன்றுக்குச் சராசரியாக அமெரிக்கக் கணக்கில் 30 சென்ட்தான், மாத்திரைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு. மாத்திரை போட்டுக்கொண்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஐந்தில் நான்கு பங்கு சரிந்தது. நோய் அதிகமாக இருந்த பிள்ளைகளின் பெற்றோராவது கட்டினார்களா என்றால், அப்படியும் இல்லை. பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டு, இறுதிச் சடங்குக்கு ஊரார் தரும் பங்கு என்று ஏற்கெனவே எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத புழுவுக்காக ஒரு காசை எடுத்து வைப்பது நடக்கிற காரியமா? ஏழைகள் இலவசத்தை மதிக்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் யாராக இருந்தாலும், இந்த ஒரு சோதனையின் முடிவை முதலில் படிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சு நமக்குப் புதிதல்லவே.

புசியாவின் கணக்குகள் எதிர்ப்பில்லாமல் நிற்கவில்லை. 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் பழைய தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது சில பிழைகளைக் கண்டார்கள். முக்கியமாக, தூரத்துப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற பகுதி பலவீனமானது. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வாளர்களும், எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக மாத்திரை கொடுப்பதால் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்கிறார்கள். புழு மிக அதிகமாக இருக்கும் ஊருக்கும் குறைவாக இருக்கும் ஊருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பது மறுதரப்பின் பதில். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. நான் இரு பக்கத்தையும் படித்துப் பார்த்ததில், புசியா போன்ற ஏரிக்கரைகளில் மாத்திரை கொடுப்பது சரி என்றுதான் நினைக்கிறேன். அதன் விலை மிகக் குறைவு. கொடுக்காமல் விட்டால் வரும் இழப்பு குழந்தையுடையது.

கென்ய அரசு 2009இல் இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டு 36 லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 2012இல் மறுபடி தொடங்கிய பிறகு ஆண்டுக்கு 50 லட்சத்தைத் தாண்டியது. மாத்திரையைக் கொடுத்தவர்கள் பள்ளி ஆசிரியர்களே. இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதி நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று நம் பிள்ளைகள் பள்ளியில் மென்று தின்னும் மாத்திரையும் அதே அல்பெண்டசோல்தான். கிரெமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ மூவருக்கும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, உதவியைச் சோதித்துப் பார்க்கும் அந்தப் பாதை தொடங்கிய இடங்களில் ஒன்றாகப் புசியாவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்தப் பிள்ளைகளையும் யாரும் மறந்துவிடவில்லை. வளர்ந்து, கல்யாணமாகி, பல ஊர்களுக்குச் சிதறிப் போனவர்களைத் தேடிப் பிடித்து 20 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மாத்திரை பெற்ற பள்ளிகளின் பிள்ளைகள், மற்றவர்களைவிட மணிக்கு 13 சதவீதம் அதிகம் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பலன் ஆண்களிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. உடம்பு தேறிய பெண்ணுக்கும் வழியில் வேறு சுவர்கள் இருக்கின்றன. அந்தச் சுவர்களைத் தேடிப் போனவர்களைப் பார்க்க ஜிம்பாப்வேக்குப் போக வேண்டும்.

ஜாம்பெசி ஆற்றின் குறுக்கே 1950களின் பிற்பகுதியில் கரிபா அணை எழுந்தது. 1958 டிசம்பரில் தண்ணீர் தேங்கத் தொடங்கியபோது, வெள்ளத்தில் சிக்கிய காட்டு விலங்குகளைப் படகில் மீட்ட ‘ஆபரேஷன் நோவா’வை உலகப் பத்திரிகைகள் எழுதிக் கொண்டாடின. பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக ஆற்று வண்டலில் விவசாயம் செய்துவந்த டோங்கா மக்கள், இரு கரைகளிலுமாக ஏறத்தாழ 57,000 பேர், வறண்ட மேட்டு நிலங்களுக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அணையின் மின்சாரம் நகரங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனது. ஏரியின் தென்கரையில் அப்படிக் குடியேற்றப்பட்ட டோங்கா மக்களின் ஊர்களில் ஒன்று மோலா.

1991இல் ஆன் காட்டன் என்ற வேல்ஸ் நாட்டுப் பெண் மோலாவுக்கு வந்தார். லண்டனில் ஆசிரியராக இருந்தவர். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்பிள்ளைகளோடு வேலை செய்தவர். ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் ஏன் பள்ளிக்குப் போவதில்லை என்பது அவருடைய ஆய்வுக் கேள்வி. அன்று அறிஞர்களும் உதவி நிறுவனங்களும் சொல்லிவந்த விடை, அது அவர்களுடைய பண்பாடு, பெற்றோர் பெண்களைப் படிக்க வைக்க விரும்புவதில்லை என்பது.

மோலாவில் அவர் சந்தித்த இரண்டு பெண்பிள்ளைகள் சுமார் 100 கிலோமீட்டர் நடந்தே அங்கு வந்திருந்தார்கள். தங்கள் ஊர்ப்பக்கத்து விடுதிப் பள்ளியைவிட மோலாவின் உயர்நிலைப் பள்ளியில் கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஒரு குடிசையில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு படித்தார்கள். அந்தப் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பிவைத்த தாய்மாருக்கும் படிப்பில் விருப்பமில்லை என்று யார் சொல்ல முடியும்? ஊர்த் தலைவர்களிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேசினார் காட்டன். ஒவ்வொருவரும் சொன்னது ஒரே விஷயம். ஒரு பிள்ளைக்குக் கட்டத்தான் பணம் இருக்கிறது. சம்பள வேலை கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால் பையனை அனுப்புகிறோம். வறுமை போட்ட கணக்கு அது. அந்த ஆண்டுகளில்தான் ஜிம்பாப்வே பொருளாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் கல்விச் செலவைக் குடும்பங்கள் தலையில் ஏற்றத் தொடங்கியிருந்தது. 1992இல் கடும் வறட்சியும் சேர்ந்துகொண்டது.

ஊருக்குத் திரும்பிய காட்டன், கேம்பிரிட்ஜ் சந்தையில் வீட்டில் செய்த கேக்குகளை விற்றும் நண்பர்களிடம் கேட்டும் பணம் சேர்த்தார். 1993இல் 32 பெண்பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏற்கப்பட்டது. ‘கேம்ஃபெட்’ என்று இன்று அறியப்படும் அமைப்பு அப்படித் தொடங்கியது.

அதன் வேலைமுறையில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு உதவி என்பதைக் கேம்பிரிட்ஜில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை. ஊர்த் தலைவர், ஆசிரியர்கள், தாய்மார் குழு, கல்வி அலுவலர் ஆகியோர் கொண்ட உள்ளூர்க் குழு முடிவு செய்கிறது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பாட்டியிடம் வளர்கிறாள், யாருடைய பெற்றோர் எய்ட்ஸுக்குப் பலியானார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உதவி என்பது கட்டணத்தோடு நிற்பதும் இல்லை. சீருடை, காலணி, நோட்டு, பேனா, சோப்பு, நாப்கின், தூரமானால் சைக்கிள் அல்லது விடுதி. கட்டணம் கட்டிவிட்டு நாப்கினுக்கு வழியில்லாமல் விட்டால், மாதத்தில் சில நாள் அந்தப் பெண் வீட்டில் இருப்பாள். சில நாள் பல நாளாகும். பிறகு அவள் வர மாட்டாள். இதை ஒரு கருத்தரங்கு கண்டுபிடிக்கவில்லை. தாய்மார் சொன்னார்கள், அமைப்பு கேட்டுக்கொண்டது.

1998இல் படித்து முடித்த பெண்கள் ‘காமா’ என்ற பெயரில் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் பெரிய நிகழ்வு இதுதான். அவர்கள் ஆசிரியராக, செவிலியராக, விவசாயியாக, கடைக்காரராக ஆனார்கள்; ஆன பிறகு தங்கள் சொந்தக் காசில் ஊரின் அடுத்த பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி சீருடை வாங்கித் தருவாள், இன்னொருத்தி சாப்பாடு போடுவாள். பலர் வாரத்தில் சில மணி நேரம் பள்ளிக்குப் போய், தடுமாறும் பிள்ளைகளோடு உட்காருகிறார்கள். திடீரென்று வராமல் போன பெண்ணைத் தேடி வீட்டுக்குப் போகிறார்கள். அப்படி வேலை செய்பவர்களுக்குத் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. அந்தக் கடனுக்கு அவர்கள் தரும் வட்டி பள்ளியில் செய்யும் இந்த வேலைதான். பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒருவன் கல்யாணம் பேச வருகிறான் என்றால் அது முதலில் தெரியவருவது பக்கத்து வீட்டில் இருக்கும் இந்த அக்காவுக்குத்தான்.

1993இல் உதவி பெற்ற அந்த முதல் வரிசைப் பெண்களில் ஒருவர் ஏஞ்சலின் முரிமிர்வா. தொடக்கப் பள்ளி முடிவுத் தேர்வில் நாட்டிலேயே மிகச் சிறந்த மதிப்பெண்களில் ஒன்றைப் பெற்றும், மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லாமல் நின்றவர். அவர் பிற்பாடு கேம்ஃபெட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். கல்விக்கான யிடான் பரிசு 2020இல் அவருக்கும் அவருடைய சக தலைவர் லூசி லேக்குக்கும் கிடைத்தது. ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, டான்சானியா, மலாவி என்று ஐந்து நாடுகளில் அமைப்பு வேலை செய்கிறது. உதவி வாங்கியவர் உதவியை நடத்துபவராக வருவது தொண்டு நிறுவன உலகில் அபூர்வம். அங்கே மேலே இருப்பவர்கள் மேலேயும் கீழே இருப்பவர்கள் கீழேயும் இருப்பதுதான் வழக்கம்.

மோலாவுக்கு நேர் எதிரான ஒரு கதையையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஒரு கருவி வந்தது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் சுற்றி விளையாடும் ராட்டினம். அது சுற்றும்போது பூமிக்கடியிலிருந்து தண்ணீரை இறைத்து 2,500 லிட்டர் தொட்டியை நிரப்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டி, அந்த வருமானத்தில் பழுதுபார்ப்பு. ‘பிளே பம்ப்’ என்று பெயர். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சுற்ற, தாய்மார் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் காட்சி யார் மனத்தைத்தான் அசைக்காது? 2000இல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் நியூயார்க்கில் கிளின்டன் அமைப்பு நடத்திய கூட்டத்தில், அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி, அரசும் அறக்கட்டளைகளுமாக 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். 2010க்குள் பத்து நாடுகளில் 4,000 ராட்டினங்கள் என்பது இலக்கு.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ராட்டினம் 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மிகக் குறைந்த தேவையான 15 லிட்டர் என்று வைத்தால் 37,500 லிட்டர். ராட்டினம் மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும். அப்படியானால் ஒரு நாளில் ஏறக்குறைய 27 மணி நேரம் பிள்ளைகள் சுற்ற வேண்டும். பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் 2009இல் இதைச் சுட்டிக்காட்டியது. அதற்குள் நூற்றுக்கணக்கான ராட்டினங்கள் நடப்பட்டுவிட்டன. பல ஊர்களில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அடிபம்புகளைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு ராட்டினத்தின் விலை சாதாரண அடிபம்பைப் போல நான்கு மடங்கு. பள்ளி விடுமுறையிலும் விடியற்காலையிலும் பிள்ளைகள் இல்லாதபோது, வயதான பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைக் குனிந்து தள்ளினார்கள். பழுதானால் சரிசெய்ய ஆள் இல்லை. குக்கிராமத்தில் விளம்பரம் கொடுக்க வருபவரும் இல்லை. யூனிசெஃப் 2007லேயே குறைகளைப் பதிவு செய்திருந்தது. 2010இல் திட்டத்தை நடத்திய அமெரிக்க அமைப்பு மூடப்பட்டு, மீதியிருந்த கருவிகள் வேறொரு தண்ணீர்த் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

பள்ளி மைதானத்தில் அதை நிறுவுவதற்கு முன்னால், குடம் சுமக்கும் பெண்களிடம் ‘உங்களுக்கு இது வேண்டுமா?’ என்று பல இடங்களில் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது அதில்தான். கருவி தோற்பது குற்றமில்லை, புசியாவில் புத்தகமும் தோற்றது. அங்கே 25 பள்ளிகளில் கொடுத்துப் பார்த்து, பலிக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு வழி தேடினார்கள். இங்கே 4,000 என்று முதலில் அறிவித்துவிட்டார்கள்.

மலாவியைப் பற்றி ஒரு வார்த்தை. 2002 பஞ்சத்தில் ஸ்காட்லாந்துக்காரரான மேக்னஸ் மேக்ஃபார்லேன்-பாரோ தொடங்கிய ‘மேரிஸ் மீல்ஸ்’ அமைப்பு, 200 பிள்ளைகளுக்குப் பள்ளியில் கஞ்சி ஊற்றத் தொடங்கியது. இன்று பல நாடுகளிலுமாக 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதில் சாப்பிடுகிறார்கள். மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்து, சர்க்கரையும் வைட்டமின்களும் சேர்த்த ‘லிகுனி பாலா’ என்ற கஞ்சி. விடியுமுன் வந்து விறகடுப்பு மூட்டுவது ஊர்த் தாய்மார். சம்பளமில்லாமல் முறைவைத்து வருகிறார்கள். பள்ளியில் போடும் ஒரு வேளைச் சாப்பாடு என்ன செய்யும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கான பணம் வெளியிலிருந்து வருகிறது, உழைப்பு ஊருடையது. பணம் நின்றால் கஞ்சியும் நின்றுவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. அரசுகள் இதைத் தங்கள் வரவுசெலவில் எடுத்துக்கொள்ளும் நாள்வரை அந்தக் கவலை தீராது.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்கப் பள்ளிகளுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும், எங்கே அனுப்பலாம் என்று யோசிக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன், அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த உதவி இந்த ஊருக்குத் தேவை என்று முடிவு செய்தது யார், அந்த ஊரில் அவர் யார் என்று கேளுங்கள். இதுவரை செய்ததில் எது பலிக்கவில்லை, அது தெரிந்த பிறகு என்ன மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். சிரிக்கும் குழந்தையின் படத்தை மட்டும் பதிலாக அனுப்புகிறவர்களை விட்டுவிட்டு, தங்கள் தவறுகளை எழுதி அனுப்புகிறவர்களுக்குப் பணத்தை அனுப்புங்கள்.

(தொடரும்)